ஒப்பினெல் கத்திகளில் ஒரு வகைதான் துருப்பிடிக்கும், பிளேடில் உள்ள எழுத்தைப் பாருங்கள்

விலை குறைந்த மடக்குக் கத்தி எது வாங்கலாம் என்று கேட்டவருக்கு, ஒப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 8ஆம் எண் கத்தி சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு ஆகாது, கட்டாயம் துருப்பிடிக்கும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். நிறைய பேர் அதை அப்படியே நம்பிவிட்டதால் இதைச் சொல்கிறேன். அது ஒரு வகைக்குத்தான் பொருந்தும்.

அதே கத்தியை இரண்டு எஃகில் செய்கிறார்கள். கார்பன் எஃகு என்றால் அவர் சொன்னது சரி, நம்மூர்க் காற்றில் துடைக்காமல் போட்டுவைத்தால் சீக்கிரமே துரு ஏறும். இன்னொன்று குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. மாங்காய் நறுக்கிவிட்டு கழுவித் துடைத்து வைத்தால் ஒன்றும் ஆகாது, கடல் தண்ணீர் பட்டால் மட்டும் உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். (மரப்பிடி ஈரத்தில் ஊதி மடக்கு இறுகுவது வேறு விஷயம், அது இரண்டிலும் உண்டு.)

எது எது என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிளேடில் கிரீடம் வைத்த கைச்சின்னத்தோடு 'இனாக்ஸ்' அல்லது 'கார்போன்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும், முதலாவதுதான் துருப்பிடிக்காதது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னவருக்கு: இரண்டுமே காந்தத்தில் ஒட்டும், அதனால் அது உதவாது. எழுத்து தேய்ந்துபோன பழைய கத்தியாக இருந்தால் ஓர் எலுமிச்சையை நறுக்கி, சாற்றைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், கார்பன் பிளேடு சாம்பல் நிறத்தில் கறுத்துவிடும், மற்றது நிறம் மாறாது. இணையத்தில் வாங்குகிறவர்கள் பிளேடு தெளிவாகத் தெரியும் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.