அது காடு இல்லை, என் அம்மா பிறந்த ஊர்

போன மாதம் அம்மாவை அவர் பிறந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இலங்கையின் முல்லைத்தீவில் கொக்கிளாய்ப் பக்கம், உள்ளே ஒரு சின்னக் குளத்து ஊர். இன்றைக்கு அதைக் காடு என்கிறார்கள். பாதித் தூரம் உழவு மெசின் தடம், மிச்சம் நடை. என் கண்ணுக்குப் பத்தைதான் தெரிந்தது. அம்மா ஒரு புளியமரத்தடியில் நின்றார். "இது பெரியப்பான்ர வளவு மூலை. அங்கால கிணறு இருக்கும், பாத்துக் கால வை" என்றார். கிணறு இருந்தது.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வெளியேற்றப்பட்டபோது இந்த ஊரும் எழும்பிப் போனது. காலபோக நெல் குடலை தள்ளி, கதிர் வரப்போகிற நேரம். அறுக்க யாரும் திரும்பி வரவில்லை. அம்மா இன்றைக்கும் வீட்டைவிட அந்த வயலைப் பற்றித்தான் கதைப்பார்.

வன்னியில் ஆட்கள் போனதும் ஊர் செத்துவிடாது, குளம் உடையும்போதுதான் சாகும். வருசா வருசம் பத்தை வெட்டி, குளக்கட்டுக்கு மண் போட ஆள் வேண்டும். இல்லையென்றால் குளக்கட்டில் மரம் முளைக்கும், வேர் ஓடிய வழியில் தண்ணீர் கசியும், ஒரு பெருமாரியில் கட்டு பிய்த்துக்கொண்டு போய்விடும். பிறகு வயல் இல்லை. குளத்து ஊற்றில் நின்ற கிணறுகளும் வற்றும். போர் முடிந்து, ஊருக்குப் போகலாம் என்றபோது கரையோர ஊர்களுக்குக் கடலாவது இருந்தது. எங்களுக்கு இருந்தது அந்தக் குளம் மட்டும்தான்.

இதற்கிடையில் 2001 இல் 5/2001 என்ற அரச சுற்றறிக்கை வந்தது. ஒதுக்கப்படாமல் கிடந்த அரச காடுகள் வனத் திணைக்களத்தின் நிர்வாகத்துக்குப் போயின. அந்த வருசம் வன்னியில் போர். "இது காடில்லை, எங்கட வளவு" என்று சொல்ல வேண்டியவர்கள் அகதி முகாமிலும் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். 2020 இல் அந்தச் சுற்றறிக்கையை நீக்கினார்கள். ஆனால் இடையில் வளர்ந்த மரங்கள் நிற்கின்றனவே!

காட்டைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. யானைக்கும் இடம் வேண்டும். ஆனால் ஒரு ஊர் எத்தனை வருசம் வெறுமையாய்க் கிடந்தது என்று எண்ணுகிறவர்கள், அது ஏன் வெறுமையானது என்றும் கேட்க வேண்டும். காணிப் பெர்மிட் கடதாசி இடப்பெயர்வில் போனது. கிணறும் குளக்கட்டும் போகவில்லை. அளக்க வருகிறவர்கள் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, அவர்கள் காட்டுவதைக் குறித்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு எழுபத்து மூன்று. அவரோடு ஊரில் இருந்தவர்களில் இப்போது நடக்கக்கூடியவர்கள் நாலு பேர்.

திரும்பும்போது அம்மா உடைந்த குளக்கட்டில் ஏறி நின்று, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு இருந்த இடத்தைத் தடியால் தட்டிக் காட்டினார். நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.