திருந்தின பிறகுதான் அன்பா?
‘திருந்தி வந்தால்தான் கடவுள் நேசிப்பார், அதுவரை அப்படிப்பட்டவர்களை நாமும் ஒதுக்கி வைக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேதம் சொல்வது நேர் எதிர். நாம் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. லூக்கா 19-இல் சகேயுவைப் பாருங்கள்: மரத்தில் ஏறியிருந்த அந்த ஆயக்காரரிடம் (வரி வசூலிப்பவரிடம்) இயேசு முதலில் சொன்னது ‘இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்’ என்பதுதான். பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலு மடங்கு என்று சகேயு வாய் திறந்தது அதற்கு அப்புறம். சரி, மனந்திரும்புதல் வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும், ஆனால் அன்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒதுக்கி வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது, ஏனென்றால் மத்தேயு 5-இல் இயேசு பகைவரையே நேசிக்கச் சொல்லிவிட்டு, பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கச் செய்கிறார் என்று காரணமும் சொல்கிறார்.