ஒரு பூஜ்யத்துக்காக மூன்று நாள்

என் மாவுக்கடை கிரைண்டரின் மோட்டார் 2 ஹெச்பி, அதாவது இரண்டு குதிரை சக்தி. தொழில் உரிமத்தில் 20 ஹெச்பி என்று அடித்திருக்கிறார்கள். அடித்தது நான் இல்லை. அந்தப் பூஜ்யத்தை அழிக்கச் சொல்லித்தான் உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்கு மூன்று நாளாக நடக்கிறேன். பூஜ்யம் அங்கேயே இருக்கிறது, என் செருப்புதான் தேய்ந்தது.

உரிமம் புதுப்பிக்கப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால் முதல் இரண்டு நாளைச் சுருக்கிவிடுகிறேன். முதல் நாள், ஆள் சீட்டில் இல்லை. மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருந்தது, டிபன் டப்பா இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "இப்பதான் எழுந்து போனாரு" என்றார் பக்கத்து மேஜைக்காரர். பன்னிரண்டு மணிக்கும் இப்பதான், மூன்றரைக்கும் இப்பதான். இரண்டாம் நாள் கதவு எண் பிரச்சினை. மின் அட்டையில் பழைய எண் 14, வரி ரசீதில் புதிய எண் 31, வாடகை ஒப்பந்தத்தில் 14/31. மூன்றும் ஒரே கதவுதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். கதவுக்குப் புது எண் கொடுத்தது யார்? நானா எழுந்து போய்ப் பெயிண்ட் அடித்துக்கொண்டேன்?

இதற்கு நடுவில் ஆன்லைன் கூத்து வேறு. எல்லாம் கணினிமயம், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சரி என்று விண்ணப்பித்தேன். ஆவணம் தெளிவாக இருக்க வேண்டும், ஆனால் 200 கேபிக்குள் இருக்க வேண்டும். சுருக்கினால் தெளிவில்லை என்று திருப்புகிறது, தெளிவாக்கினால் பெரிதாக இருக்கிறது என்று திருப்புகிறது. எப்படியோ ஏற்றி முடித்த பிறகு ஒரு குறுஞ்செய்தி: விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்து, எல்லா ஆவணங்களின் நகலோடு நேரில் சமர்ப்பிக்கவும். வீட்டிலிருந்தே என்றார்களே, வீட்டிலிருந்தே கிளம்பலாம் என்று அர்த்தம் போலிருக்கிறது.

இனி மூன்றாம் நாள். இதைச் சுருக்க மாட்டேன். நான் பட்டதை நீங்களும் கொஞ்சம் படவேண்டும்.

"இருபது ஹெச்பியா?" என்று சீட்டில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல சார், ரெண்டுதான்."

"இதுல இருபதுன்னு இருக்கே."

"அது இங்க அடிச்சது சார், தப்பா விழுந்திருக்கு."

"போன வருஷம் நான் இந்த சீட்ல இல்ல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். நான் நகரவில்லை. "அப்ப இப்ப திருத்திக் குடுத்துடுங்க சார்" என்றேன். திருத்துவதற்குத் தனி மனு. தனி மனுவோடு அசல் உரிமத்தை வைக்க வேண்டும்.

"அசல் உங்க கைலதான சார் இருக்கு? புதுப்பிக்கிறதுக்குக் குடுத்திருக்கேனே."

அவர் தன் கையைப் பார்த்தார். அசல் அங்கேதான் இருந்தது. "இது புதுப்பிக்கிற ஃபைல்ல சேர்ந்துடுச்சு. இதுல இருந்து உருவி அதுல வைக்க முடியாது."

"அப்ப முதல்ல புதுப்பிச்சுக் குடுங்க, அதை வச்சுத் திருத்த மனு போடறேன்."

"புதுப்பிக்கணும்னா இருபது ஹெச்பிக்கு உண்டான கட்டணம் கட்டணும்."

"இல்லாத மோட்டாருக்கா?"

"ஆவணத்துல இருக்கே."

மோட்டாரின் மேல் தகரத் தகடு இருக்கிறது. அதில் 2 ஹெச்பி என்று அச்சாகவே பதித்திருக்கிறது. மாவு படிந்திருந்ததைத் துடைத்துவிட்டு, காலையிலேயே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். செல்போனை நீட்டினேன். கையில் வாங்கிப் பெரிதாக்கியெல்லாம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. "போட்டோ ஆதாரம் ஆகாது. இன்ஜினியர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

"சார், கடை இங்கிருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். வந்து ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"பாக்கறதுக்கு மேல இருந்து ஆர்டர் வரணும்."

இவ்வளவு நேரம் சும்மா இருந்தவர் அப்போதுதான் என் மின் அட்டை நகலைப் புரட்டினார். புருவம் ஏறியது. "இருபது ஹெச்பி மோட்டார் ஓட்டறீங்க, கரண்ட் லோடு இவ்வளவுதான் காட்டுது? இது தப்பாச்சே சார்!"

அதாவது, அவர்கள் போட்ட பூஜ்யத்தை அழிக்கப் போன நான், ஐந்தே நிமிடத்தில் மின்சாரத் திருடன் ஆகிவிட்டேன். இருபது ஹெச்பி மோட்டாரைக் கிரைண்டரில் மாட்டினால் உளுந்து அரைபடாது ஐயா, கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மோட்டாரை வைத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தென்னந்தோப்புக்கே தண்ணீர் பாய்ச்சலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் அதை வைத்துக்கொண்டு நான் எங்கே நிற்பேன்?

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது ராஜாஜி ஞாபகம்தான் வந்தது. லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அந்த மனிதர் எரிச்சலோடு சொல்லிவிட்டு, எண்பது வயதில், 1959-இல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். பேச்சோடு நின்றவரும் இல்லை. 1952-இல் சென்னை மாநில முதல்வராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தார். எடுத்தால் பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். பஞ்சம் வரவில்லை, பதுங்கியிருந்த அரிசிதான் வெளியே வந்தது. 1967 தேர்தலில் அவருடைய கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது. பிறகு கட்சி கரைந்துபோனது. அவர் திட்டிய மூன்றில் எனக்கு வாய்த்தது லைசென்ஸ். அது இன்னும் என் மூக்குக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

என் தாத்தா ரேடியோ வைத்திருக்க ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டினார். அந்த உரிமப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்குக் கூட வில்லை வாங்கி மாட்டவேண்டும், இல்லாவிட்டால் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கிறார்களே, கூடுதலாகச் செய்து கொடுக்கலாமே என்றால் அதுவும் ஆகாது. உரிமத்தில் எழுதிய அளவைத் தாண்டி உற்பத்தி செய்தால் குற்றம். உலகத்தில் நிறைய வேலை செய்ததற்குத் தண்டனை கொடுத்த ஊர் நம்மூர். 1991 ஜூலை 24 அன்று புதிய தொழில் கொள்கை வந்தது, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்குத் தொழில் உரிமம் வேண்டாம் என்றார்கள். ஸ்கூட்டர் செய்கிறவருக்கு விடுதலை. மாவு அரைக்கிறவனுக்குத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

செல்போனைப் பாருங்கள். 1995-இல் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல், போதாததற்கு வருகிற அழைப்புக்கும் காசு. பல பேர் கடை விரித்தார்கள், அடித்துக்கொண்டார்கள், விலை சரிந்தது. அதற்கு முன்னால் வீட்டுக்குத் தொலைபேசி கேட்டு எழுதிப் போட்டவர்கள் இணைப்பு வருவதற்குள் பேரன் எடுத்தார்கள். ஜனம் அதே ஜனம்தான். முன்பு ஒரே ஒரு கவுன்ட்டர் இருந்தது, பிறகு பக்கத்தில் இன்னொரு கவுன்ட்டர் வந்தது. வேறென்ன மாறியது?

என் தெருவில் மூன்று மாவுக்கடை. எதிர்க்கடைக்காரர் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்த அன்று அவரை நான் வாயாரச் சபித்தேன், மறுநாள் நானும் குறைத்தேன். ஒரு நாள் உளுந்து குறைந்து இட்லி கல்லாகிவிட்டால், மறுநாள் காலை அந்தப் பாட்டி என் கடையைத் தாண்டி, என்னைப் பார்த்துக்கொண்டே, எதிர்க்கடைக்குப் போகும். மனு இல்லை, நகல் இல்லை, மூன்று பிரதி இல்லை. வெறும் பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் நல்ல உளுந்து வாங்குகிறேன். சுவரில் மாட்டிய உரிமத்துக்குப் பயந்து இல்லை.

உடனே ஒருவர் வருவார்: "அப்ப யாருமே சோதிக்கக் கூடாதா? கண்ட தண்ணியில அரைச்சா?" சோதிக்க வேண்டும் ஐயா, தாராளமாக வரட்டும். தண்ணீரைப் பிடித்துப் பரிசோதிக்கட்டும், மாவில் சோடா உப்பு இருக்கிறதா பார்க்கட்டும், தப்பு இருந்தால் கடையைச் சாத்தட்டும். ஆனால் இந்த ஏழு வருஷத்தில் சோதனைக்கு வந்த ஒருவர்கூட அண்டாவின் மூடியைத் திறந்ததில்லை. நேராகச் சுவரைப் பார்ப்பார்கள். ஃப்ரேம் போட்ட காகிதம் இருக்கிறதா, அதில் தேதி இருக்கிறதா, அவ்வளவுதான். காகிதம் புளிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த அண்டாவில் நான் பல்லியை ஊறவைத்திருந்தாலும் என் ஆவணம் சரி.

கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு நாற்பது நாள். அதை நான் என் காசில் எடுக்க முடியாது, எதிர்க்கடைக்காரரோடு போட்டி போட்டும் எடுக்க முடியாது. அது அவர்கள்தான் செய்யவேண்டிய வேலை. அரசாங்கம் என்று ஒன்று எதற்கு என்று கேட்டால் முதலில் இதற்குத்தான் என்பேன். சாக்கடை, ரோடு, திருடனைப் பிடிக்க போலீஸ், வழக்குப் போட்டால் என் ஆயுசுக்குள் தீர்ப்பு. இதைச் செய்துவிட்டு ஓய்வாக இருந்தால் கும்பிடப் போகிறோம். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். சாக்கடையை எட்டிப்பார்க்க ஆள் பற்றாக்குறையாம். என் மோட்டாரில் எத்தனை குதிரை என்று கவலைப்பட மட்டும் ஒரு சீட்டு, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி.

என்னை விடுங்கள், பரோட்டாவையே விடவில்லை இவர்கள். 2020-இல் கர்நாடகத்தில் ஒரு ஜிஎஸ்டி தீர்ப்பு: சப்பாத்தி 5 சதவீதம், பரோட்டா 18 சதவீதம், ஏனென்றால் பரோட்டா ரொட்டி இல்லையாம். படித்தவர்கள் உட்கார்ந்து, கோப்பு போட்டு, பரோட்டாவின் ஜாதகத்தை விசாரித்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில்தான் இரண்டுக்கும் வரி இல்லை என்று சமாதானம் ஆனது. நடுவில் ஐந்து வருஷம் அதைப் பிய்த்துப் போட்டுக் கொத்தினார்கள். நான் ஈர மாவு விற்கிறேன். அதையே காயவைத்துப் பொடியாக விற்றால் என்ன பாடு படுவேனோ, யோசிக்கவே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். இன்ஜினியர் சர்டிபிகேட் எங்கே வாங்குவது என்று கேட்கத்தான். அவர் விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"அந்தப் பிள்ளையார் கோயில் பக்கத்துக் கடையா? எங்க வீட்ல அங்கதான் மாவு வாங்குவாங்க."

"அப்படியா சார்?"

"நேத்து கொஞ்சம் புளிச்சிருந்துச்சு."

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "மன்னிச்சுக்கங்க சார். வெயிலுக்கு சீக்கிரம் பொங்கிடுது, நாளைக்கு நேரம் குறைச்சு எடுத்து வைக்கறேன்." மூன்று நாள் அலையவிட்டவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, ஒரு கரண்டிப் புளிப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். படியிறங்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து வாசல் காவலாளி ஒதுங்கி நின்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே கடைக்கு வந்தார், கையில் தூக்கோடு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதே 2 ஹெச்பி, அவர் முழங்காலுக்கு அரை அடி தூரத்தில். ஆர்டர் இல்லாததால் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு கிலோ கேட்டார். விரலால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தார். "இன்னைக்கு நல்லா இருக்கு" என்றார். பார்த்தீர்களா, ஏழு வருஷத்தில் முதல் சோதனை!

50 ரூபாய்க்கு ஐந்து பத்து ரூபாய் நாணயம் கொடுத்துவிட்டுப் போனார். இந்தப் பத்து ரூபாய் நாணயக் கதையைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். செல்லும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் எங்கள் தெருவில் ஒருத்தர் தொடமாட்டார். பாட்டி வாங்காது, பஸ்ஸில் முறைக்கிறார்கள், பால்காரர் என் முகத்துக்கு நேராகவே திருப்பித் தருகிறார். கொடுக்கும்போது மட்டும் எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சேர்ந்துவிட்டது. இந்த ஐந்தையும் அதில் போட்டேன், மூடி சரியாகச் சேரவில்லை.