கிரயப் பத்திரம் கைக்கு வராத வீடுகள்

சிகாகோ புறநகரில் நம்மவர்கள் கூடும் வார இறுதி விருந்துகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "நாமும் வெறுங்கையோடுதானே வந்தோம், உழைத்து வீடு வாங்கவில்லையா, இவர்களுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?" 'இவர்கள்' என்றால் கறுப்பின மக்கள். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன். அப்போது சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பங்களைச் சொத்து வாரியாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ 45,000 டாலர், அதாவது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வருமானத்தில் இடைவெளி இவ்வளவு பெரிதன்று. வெள்ளையர் ஈட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி அவர்களும் ஈட்டுகிறார்கள். எனவே சோம்பலைக் காரணம் காட்டுபவர்கள், சம்பாதித்த பணம் ஏன் சொத்தாக மாறவில்லை என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

விடை நாம் குடியிருக்கும் இந்த நகரத்திலேயே கிடைக்கிறது. 1930களில் அரசு நிறுவனம் ஒன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடன் கொடுக்க ஆபத்தானவை என்று சிவப்பு வண்ணம் தீட்டியது. 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமோ அத்தகைய பகுதிகளின் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. வங்கிக் கதவு அடைபட்டதால் நார்த் லாண்டேல் போன்ற சிகாகோவின் பகுதிகளில் வீடு வாங்க விரும்பியவர்கள் தரகர்களிடம் ஒப்பந்தத்தின் பேரில் வாங்கினார்கள். மாதத் தவணை, பழுதுச் செலவு, வரி எல்லாம் வாங்கியவர் தலையில். பத்திரமோ கடைசித் தவணை முடியும்வரை விற்றவர் பெயரில். ஒரு தவணை தவறினால்கூட, அதுவரை கட்டிய அத்தனையையும் இழந்து வெளியேற வேண்டியிருந்தது. தரகர் அதே வீட்டை அடுத்தவருக்கு விற்பார். கந்துவட்டிக் கொடுமையை ஊரில் பார்த்து வளர்ந்த எனக்கே இதைப் படித்தபோது மூச்சு முட்டியது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்த வீடுகளின் விலை சராசரியாக 84 சதவீதம் ஏற்றப்பட்டிருந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். 1946க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே இங்கே குடியேற முடியும் என்றிருந்த நிலையை மாற்றியது 1965ஆம் ஆண்டுச் சட்டம். அது குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் விளைவு. மார்ட்டின் லூதர் கிங் 1966இல் நார்த் லாண்டேலில் வாடகைக்குக் குடியேறி வீட்டுரிமைக்காகப் போராடியபோது சிகாகோவில் கல்லடி பட்டார். அவர் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்து, 1968 ஏப்ரலில்தான், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. நாம் வாங்கிய வீடுகளின் பின்னால் அந்தச் சட்டமும் இருக்கிறது. வெறுங்கையோடு வந்தோம் என்பதும் முழு உண்மையன்று. ஊரார் வரிப்பணத்தில் குறைந்த கட்டணத்தில் படித்த பொறியியல் பட்டம் நம்மில் பலர் பெட்டியில் இருந்தது.

சரி, என்ன செய்வது? கனெக்டிகட் மாநிலம் 2023 ஜூலை முதல், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் 3,200 டாலர் முதலீடு செய்கிறது. இனம் கேட்பதில்லை என்பதால் நீதிமன்றத்தில் எளிதில் அடிபடாது. நல்ல திட்டம்தான். ஆனால் பறிக்கப்பட்ட ஒன்றுக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. பறித்ததைப் பறித்தது என்றே ஒப்புக்கொண்ட ஊர் சிகாகோவுக்கு வடக்கே இருக்கும் எவன்ஸ்டன். 1919க்கும் 1969க்கும் இடையே அங்கு வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும், கஞ்சா விற்பனை வரியிலிருந்து தலைக்கு 25,000 டாலர் வழங்க 2021இல் நகரமன்றம் தீர்மானித்தது. இன்றைய விலையில் அது பல வீடுகளுக்கு முன்பணமாகக்கூடப் போதாது. 2024இல் அதை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டது. இந்தத் தொகையில் முன்னுரிமை பெற்ற மூத்தோர், 1969இலேயே 18 வயது நிரம்பியிருந்தவர்கள். அவர்களில் ஆக இளையவருக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்களில் யாருக்கு முதலில் தருவது என்று 2022 ஜனவரியில் நடந்த முதல் குலுக்கலில் தேர்வானவர்கள் 16 பேர்.