கஹாபாவை 1825 வெள்ளம் அழிக்கவில்லை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கஹாபா நகரம் 1825 வெள்ளத்தில் அழிந்து அத்துடன் ஆளற்றுப் போனது என்று எழுதப்படுவது வரலாற்றோடு பொருந்தவில்லை. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1820 முதல் மாநிலத் தலைநகராக இருந்த அவ்வூர், 1826இல் அந்தத் தகுதியை அதே மாநிலத்தின் டஸ்கலூசா நகரிடம் இழந்தது உண்மைதான். ஆனால் தலைநகரை மாற்ற விரும்பியவர்கள் வெள்ளச் சேதத்தை மிகைப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். பின்னர் அது நீராவிப் படகுகளில் பருத்தி ஏற்றும் துறையாக மீண்டெழுந்து, 1859இல் ரயில் பாதையும் வந்தபோது முன்னைவிடச் செழித்தது. அச்செழிப்பு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் உழைப்பின்மேல் நின்றது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

வீழ்ச்சி அமெரிக்க உள்நாட்டுப் போரோடு (1861–65) வந்தது. அடிமை முறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் அரசு, கஹாபாவின் தண்டவாளங்களைப் பெயர்த்து வேறொரு பாதைக்குக் கொண்டுபோனது. 1865இல் மறுபடியும் பெருவெள்ளம் வந்தது. 1866இல் மாவட்டத் தலைமையிடம் அருகிலுள்ள செல்மா நகருக்கு மாற, வணிகர்களும் பின்தொடர்ந்தனர். அப்போதும் ஊர் காலியாகிவிடவில்லை: விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அங்கே வாழ்ந்து, கைவிடப்பட்ட நீதிமன்றக் கட்டடத்தில் அரசியல் கூட்டங்கள் நடத்தினார்கள். 1825உடன் கதையை முடித்துவிட்டால் முதலில் மறைக்கப்படுபவர்கள் இவர்களே என்பதால், அப்படி எழுதியிருப்பதைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.