எண்ணெயை மாற்றினால் மட்டும் தீராது

சிப்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் உடம்புக்கு நல்லதா என்று பேச்செடுத்தாலே “எங்க வீட்ல மரச்செக்கு எண்ணெய்தான்” என்று பதில் வந்துவிடுகிறது. நல்ல எண்ணெய் ஊற்றுவது நல்லதுதான். ஆனால் வறுவலில் கவலைப்பட வேண்டிய அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் எண்ணெயில் இருந்து வருவதில்லை, கிழங்குக்குள்ளேயே உருவாகிறது. எந்த எண்ணெயில் கருக வறுத்தாலும் அது வரும்.

உருளைக்கிழங்கில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. (நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவான அஸ்பராகஸ் செடியின் சாற்றில் 1806இல் முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர்.) கூடவே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் உண்டு. ஈரம் வற்றி, சூடு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இவை ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. வறுவலுக்கு நிறமும் மணமும் தரும் அந்த வினையிலேயே அக்ரிலமைடும் பிறக்கிறது. தண்ணீரில் அவித்த கிழங்குக்கு இந்தக் கவலை இல்லை.

இது உணவில் இருப்பது தெரியவந்ததே ஒரு விபத்தால். 1997இல் சுவீடனில் ஹாலண்ட்சோஸ் ரயில் சுரங்கம் தோண்டியபோது, நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய பூச்சில் இருந்த அக்ரிலமைடு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தவர்கள், ஒப்பிடுவதற்காகச் சுரங்கத்தோடு தொடர்பே இல்லாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடயம்! அதைத் தேடிப் போய்த்தான் 2002 ஏப்ரலில், வறுத்த, சுட்ட மாவுச்சத்து உணவுகளில் அது இருப்பதாக அறிவித்தார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே இதை ‘மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது’ என்ற 2ஏ பிரிவில் வைத்துவிட்டது. விலங்குச் சோதனைகளில் முடிவு தெளிவு. சாப்பாட்டின் வழியே மனிதர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆகவே ஒரு தட்டு வறுவலுக்குப் பதற வேண்டாம். அதற்காகக் குழந்தைக்குத் தினமும் ஒரு பாக்கெட் சிப்ஸ் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. உடல் எடையோடு கணக்கிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இது அதிகம் போய்ச் சேருகிறது.

வீட்டில் இதை நிறையக் குறைக்கலாம். வறுபடும்போது என்ன நடக்கிறது என்று புரிந்தால் போதும். துண்டில் ஈரம் இருக்கும்வரை எண்ணெய் 170 டிகிரியில் காய்ந்தாலும் துண்டின் உட்புறம் 100ஐ ஒட்டியே நிற்கும். சலசலவென்று வரும் குமிழெல்லாம் அந்த ஈரம் ஆவியாவதுதான். ஓசை அடங்கும்போது ஈரம் தீர்ந்து, துண்டின் சூடு சட்டென்று ஏறுகிறது. அக்ரிலமைடின் பெரும்பகுதி அந்தக் கடைசி நேரத்தில்தான் சேர்கிறது. “ஓசை அடங்கினதும் எடுத்துடு” என்று பாட்டிமார் சொன்ன பக்குவம் சரியான பக்குவம். மொறுமொறுப்பு ஈரம் போனதால் வருவது. அதற்குச் சிவக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளிர் பொன்னிறத்தில் அரித்தெடுத்துவிடுங்கள், வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

சீவிய துண்டுகளை மாவு நீர் போகும்வரை அலசி, புதுத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். மேலோட்டமான சர்க்கரையும் அஸ்பராஜினும் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியில் பரப்பி ஈரம் ஒற்றி எடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈடுக்கு 100 கிராம் போதும். அள்ளிப் போட்டால் சூடு இறங்கி, துண்டு எண்ணெய் குடிக்கும். உடனே அடுப்பைக் கூட்டுவோம், ஓரம் கருகும். எண்ணெய் 175 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். புகை வந்தால் எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். மிளகாய்த்தூளை முதலிலேயே பிசறினால் நிறம் தெரியாது, வறுத்த பிறகு தூவுங்கள். சீரான கனத்தில் சீவுவதும் முக்கியம். தடித்தது வேகும்வரை காத்திருந்தால் மெல்லியது கருகிவிடும்.

ஏர் ஃப்ரையர் எண்ணெயைக் குறைக்கும். 200 டிகிரியில் சிவக்கவிட்டால் அக்ரிலமைடு அதிலும் வரும்.

இவ்வளவு செய்தும் சில சமயம் மொறுமொறுப்பு வருவதற்குள் ஓரம் சிவந்துவிடும். குற்றம் கிழங்கில். 2 முதல் 4 டிகிரி குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், வேகவைத்தால் லேசாக இனிக்கும். சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா போன்ற சர்க்கரை குறைந்த ரகங்களை வளர்ப்பது இதனால்தான். வாங்கிவந்த கிழங்கில் ஒரே ஒரு துண்டை முதலில் வறுத்துப் பாருங்கள். சீக்கிரம் சிவந்தால் அந்தக் கிழங்கு வறுவலுக்கு வேண்டாம். மசாலாவுக்கோ குருமாவுக்கோ ஆகட்டும்.