எவர்சில்வர் தட்டு போடும் மார்க்

“அந்தப் படத்துல பேஸ் எப்படிண்ணே, பத்துக்கு எத்தனை?”

பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை எழுப்பும் சப்வூஃபர் பெட்டி ஒன்றை வீட்டில் வாங்கி வைத்தால் போதும், வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். கதை எப்படி, நடிப்பு எப்படி என்று என்னிடம் ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் நாலைந்து வருடமாக ஒரு நோட்டுப் போட்டு மார்க் எழுதி வந்தவன்தான். போன மாதம் அதை முதல் பக்கத்திலிருந்து புரட்டியபோதுதான் சங்கடமாகப் போய்விட்டது. முக்கால்வாசி மார்க் படத்துக்குப் போட்டதே இல்லை. என் அறைக்குப் போட்டது.

மாடியில் 14 அடிக்கு 11 அடி அறை. சப்வூஃபர் முன்சுவரை ஒட்டி, சோபா அறைக்கு நட்டநடுவில். பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அப்படிப் போட்டேன். ஊரே கொண்டாடிய ஒரு படத்தை அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘சப்பை, 4’ என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து, ஒரு நண்பரிடம் அளவெடுக்கும் மைக்கை இரவல் வாங்கிச் சோதித்தேன். ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ், எண் குறையக் குறைய ஒலி தாழும். 40 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தில் சத்தம் கிணறு மாதிரி ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. காற்றில் 20 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 17 மீட்டர். 40 ஹெர்ட்ஸ் என்றால் எட்டரை. என் அறையின் நீளமான 14 அடி, நாலேகால் மீட்டர். அதாவது 40 ஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி. இப்படி அமைந்தால் அந்த அலை இரண்டு சுவர்களுக்கும் இடையில் முட்டி மோதி, சுவரோரமெல்லாம் குவிந்து, நடுவில் காணாமல் போய்விடும். அந்த நடுவில்தான் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். சோபாவை இரண்டரை அடி பின்னால் தள்ளினேன். அதே படம், அதே வால்யூம். 4 போட்ட இடத்தில் 8 போட வேண்டியதாயிற்று. இயக்குநரும் மாறவில்லை, ஒலிக்கலவை செய்தவரும் மாறவில்லை.

இந்த லட்சணத்தில் அமெரிக்காக்காரர்கள் போடும் மார்க்கை இங்கே உட்கார்ந்து நம்புகிறோம். அங்கே பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்பிய வீடு, மரப்பலகைத் தரை. தாழ்ந்த அதிர்வு வந்தால் தரையே லேசாக ஆடும். அந்த ஆட்டம் நாற்காலி வழியாக முதுகில் ஏறும். “சோபா குலுங்கியது” என்று அவர் எழுதுவது அவர் வீட்டில் சத்தியம். நமக்கு கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். அதை ஆட்ட இந்தப் பெட்டியால் ஆகாது. காற்றில் வருவது மட்டும்தான் நம் கணக்கு. அதற்குப் பதிலாக நமக்கு வேறொரு வரம் உண்டு. மரவீட்டில் தாழ்ந்த ஒலி சுவர் வழியே வெளியே கசிந்து போகும். நம் செங்கல் சுவர் அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டால் சின்ன அறையில் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழேகூட ஒரு சுமாரான பெட்டி நன்றாகவே அழுத்தும். ஆனால் அதே சுவர்கள் 50, 60 ஹெர்ட்ஸில் ‘கும்’மென்று ஊதவும் செய்யும். நம்மில் பலர் ‘செம பேஸ்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஊதலைத்தான். என் வீட்டில் பரண்மேல் அடுக்கிய எவர்சில்வர் தட்டு அந்த ஊதலுக்குத்தான் கிணுகிணுக்கும். நெடுநாள் அந்தத் தட்டுதான் என் நோட்டுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கீழ் வீட்டு அக்கா ஒருநாள் மாடிக்கே வந்து, “தம்பி, தொட்டிதான் ரொம்பிருச்சே, இன்னும் எதுக்கு மோட்டார் ஓடுது?” என்று கேட்டார். விமர்சனம் என்றால் அது விமர்சனம். ஒரு போர்க்காட்சிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நான் பேஸை ஏற்றி வைத்திருந்தேன்.

சரி, படத்துக்கு மட்டும் மார்க் போடுவது எப்படி? இதில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி வரைபடக் கட்சி. ஒலித்தடத்தைக் கணினியில் போட்டு, எந்த நொடியில் எத்தனை ஹெர்ட்ஸில் எவ்வளவு பலம் என்று வண்ணப்படம் எடுத்துவிடுவார்கள். 10 ஹெர்ட்ஸ் வரை சிவப்பாகத் தெரிந்தால் முழு மார்க். 30-க்குக் கீழே வெட்டியிருந்தால் திட்டு. இரண்டாவது கட்சி நெஞ்சுக் கட்சி. நெஞ்சில் இடித்ததா, இல்லையா, அவ்வளவுதான்.

வரைபடக் கட்சியை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால், திரையரங்கில் முழங்கிய சில பெரிய படங்கள் வீட்டு டிஸ்க்கில் அடிப்பாகம் நறுக்கப்பட்டு வந்திருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு படம் எவ்வளவு கீழே போகிறது என்பது கிணற்றின் ஆழத்தைச் சொல்வது போலத்தான். தண்ணீர் இனிக்கிறதா என்பது அதில் வராது. இன்னொன்றும் உண்டு. அதே சத்த அளவை 40-க்குப் பதில் 20 ஹெர்ட்ஸில் எழுப்ப, சப்வூஃபரின் கூம்பு நாலு மடங்கு முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். 10 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்கு. பத்து அங்குலப் பெட்டி வைத்திருப்பவருக்கு 10 ஹெர்ட்ஸுக்காகக் கொடுத்த மார்க், வேறு யாரோ சாப்பிட்ட விருந்தின் மெனு.

நெஞ்சுக் கட்சிக்கும் பெரிய வரலாறு இருக்கிறது. 1974-ல் ஹாலிவுட்டில் ‘எர்த்க்வேக்’ என்ற நிலநடுக்கப் படத்துக்காக ‘சென்சரவுண்ட்’ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். திரையரங்குக்குள் ராட்சத வூஃபர்களை வாடகைக்கு இறக்கி, நிலநடுக்கக் காட்சி வரும்போது காதுக்குக் கேட்டும் கேட்காததுமான உறுமலை அவிழ்த்துவிடுவது. லாஸ் ஏஞ்சலஸில் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் கூரைப்பூச்சு உதிர்ந்தால் தாங்க வலை கட்டினார்கள். அதே முறையில் இன்னும் மூன்று நாலு படம் வந்தது, அப்புறம் ஓய்ந்துபோனது. பக்கத்துத் திரையில் அமைதியான படம் பார்க்கிறவனுக்கும் சேர்த்து நிலம் நடுங்கினால் எத்தனை நாள் பொறுப்பான்? கிட்டத்தட்ட என் கீழ் வீட்டு அக்கா நிலைமைதான் அவனுக்கும்.

நான் எந்தக் கட்சி என்றால், சின்ன வயதில் முத்தாலம்மன் பொங்கலுக்கு அதிர்வேட்டு போடுவதைப் பார்த்து வளர்ந்த கட்சி. குழாயில் மருந்து கெட்டித்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு அந்த ஆள் ஓடி வருவார் பாருங்கள், அந்த நாலைந்து நொடி. மேளம் நின்றிருக்கும். பலூன்காரர் பீப்பியை நிறுத்தியிருப்பார். குழந்தைகள் காதில் விரலை விட்டிருக்கும். ஏதோ நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு வயிற்றில் விழுகிற அந்த அடி. அந்த நாலு நொடி அமைதி இல்லையென்றால் அது வெறும் பெரிய வெடி. இப்போது என் நோட்டில் பத்துக்கு நாலு மார்க் அந்த அமைதிக்குத்தான். அந்த அடிக்குக் கதையில் வேலை இருந்தால் மூன்று. எவ்வளவு கீழே போகிறது என்பதற்கு இரண்டு. எவ்வளவு சத்தம் என்பதற்கு ஒன்று, அதையும் மனசில்லாமல்தான் போடுகிறேன்.

இப்படிப் போட ஆரம்பித்ததும் பட்டியலே தலைகீழாகிவிட்டது. முதலிடத்தில் இருந்த சில ரோபோ, சூப்பர்ஹீரோ படங்கள் 4-க்கும் 5-க்கும் இறங்கின. இரண்டு மணி நேரமும் இடித்துக்கொண்டே இருந்தால் முப்பதாவது நிமிடத்தில் உடம்பு அதற்குப் பழகி மரத்துவிடுகிறது. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014) தொடங்கும்போதே, நிறுவன முத்திரைகள் ஓடும் நேரத்தில், படுதாழ்ந்த அதிர்வுகளை விட்டு அடிக்கும். சப்வூஃபரைச் சோதிக்க எல்லோரும் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நானும் போட்டுக் காட்டியிருக்கிறேன், வந்தவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள். ஆனால் முத்திரைக்கு இடி எதற்கு? ஆழத்துக்கு 2, சத்தத்துக்கு 1. கதையே இன்னும் ஆரம்பிக்கவில்லையே, மிச்சத்தை எதற்குப் போடுவது? படம் நல்ல படம், அது வேறு.

மேலே ஏறியது ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ (2003). பாய்மரக் கப்பல், மூடுபனி, விடிகாலை. மரம் கிறீச்சிடும், கயிறு முனகும், தண்ணீர் லேசாக அலம்பும். பனிக்குள் ஏதோ நிழல் தெரிந்த மாதிரி இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அப்புறம் பனிக்குள் ஒரு மின்னல். சத்தம் இன்னும் வரவில்லை. ஒளி முதலில், ஒலி பின்னால். தூரத்தைக் காதுக்குச் சொல்லிக் கொடுக்கிற அந்த இடைவெளிக்கே என் நாலு மார்க்கையும் கொடுத்துவிட்டேன். பிறகு குண்டுகள் வந்து கப்பலின் பலகைகளைப் பிளக்கும்போது, நம் காலடியில் இருக்கிற மரம் பிளக்கிறது. கான்கிரீட் தரையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். இதற்காக ஒலித்தொகுப்பு ஆஸ்கர் வாங்கியவர் ரிச்சர்ட் கிங். 2005-ல் வந்த ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ படத்திலும் அவர் கைதான்.

அந்த 2005 படத்தில் நாற்சந்தியில் தரை பிளக்கும் காட்சி, உலகம் முழுக்க பேஸ் பிரியர்களின் குலதெய்வம். எல்லோரும் வேற்றுகிரகவாசிகளின் முக்காலி இயந்திரம் தரைக்கு அடியிலிருந்து மேலே எழும்புவதைப் பேசுவார்கள். நான் அதற்கு முந்தின நிமிடத்தைப் பேசுகிறேன். கூட்டம் ஒரு குழியைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறது. நாயகன் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. பிறகுதான் அடியில் எங்கேயோ ஒரு முனகல், தார்ச்சாலையில் கீறல், மாதா கோவிலின் முகப்பு தனியாகக் கழன்று நகர்கிறது. ஒவ்வொரு படியாக ஆழம் கூடிக்கொண்டே போகும். வரைபடக் கட்சியும் நெஞ்சுக் கட்சியும் கைகுலுக்கிக்கொள்கிற இடம் இது. பத்துக்குப் பத்து.

‘ஜுராசிக் பார்க்’ (1993) இன்றைய அளவுகோலில் ஆழம் குறைவான படம் என்பார்கள். இருக்கட்டும். மழையில் நிற்கும் கார், கோப்பைத் தண்ணீரில் வட்டம். அந்த வட்டத்தை வரவைக்கக் காருக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டினார்களாம். அந்த டைனோசர் காட்சி முழுக்கப் பின்னணி இசையே கிடையாது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? டைனோசர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதன் காலடி தண்ணீரில் தெரிகிறது. 9. அந்த ஒரு மார்க் ஆழத்தில் போயிற்று. மீன்குஞ்சு கதையான ‘ஃபைண்டிங் நீமோ’வில் ஒரு சிறுமி தொட்டிக் கண்ணாடியை விரலால் தட்டுவாள். தொட்டிக்குள் அது பேரிடியாக விழும். விரல் தட்டுக்கு இடிச்சத்தம்! மீனாக இருப்பது எப்படி என்பதை ஒரே அடியில் சொன்னதற்காக அதற்கும் 9. இரண்டுக்கும் ஒலி செய்தவர் ஒருவரே, கேரி ரைட்ஸ்ட்ராம்.

‘இன்டர்ஸ்டெல்லா’ருக்கு மட்டும் எத்தனை முறை போட்டாலும் மார்க் மாறுகிறது. லண்டன் டெம்பிள் சர்ச்சின் குழாய் ஆர்கனை வைத்துச் செய்த இசை அது. ராக்கெட் கிளம்பும்போது வசனம் முங்கிப்போகிறது என்று அப்போதே சண்டை வந்தது, அது நியாயமான சண்டைதான். ஆனால் விண்வெளியில் கலம் வெடித்துச் சிதறும்போது சத்தமே இல்லை. காற்றில்லாத இடத்தில் சத்தம் ஏது? அந்த வெறுமைக்கு முன்னால் என் பன்னிரண்டு அங்குலப் பெட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் 7, ஒருநாள் 10.

நம் படங்களைப் பற்றிக் கேட்பீர்கள். ‘டி.டி.எஸ்.’ என்று போஸ்டரில் நாயகன் பெயருக்குப் பக்கத்திலேயே போட்ட காலத்தில் வளர்ந்தவன் நான், பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது நம் பெரிய படங்களில் பேஸ் என்பது பின்னணி இசையின் சொத்தாகிவிட்டது. நாயகன் நடந்தால் இடி, திரும்பினால் இடி, கண்ணாடியைக் கழற்றினால் பெரிய இடி. அந்த இடியும் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான் குடியிருக்கிறது. கதவு சாத்துவதற்கும் லாரி மோதுவதற்கும் இடம் மிச்சமில்லை. எல்.எஃப்.இ. என்று தாழ்ந்த ஒலிக்கென்றே தனி வழி வைத்து, மற்ற வழிகளைவிட 10 டெசிபெல் கூடுதலாக இடமும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாம் இரண்டரை மணி நேரமும் ஒரே மேளத்தை அடித்துக்கொண்டிருக்கிறோம். நமக்கா தாழ்ந்த ஒலியின் அருமை தெரியாது? மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி ஸ்தாயியை இறக்கத் தெரிந்த ஊர் இது. உருமி முனகுவது போல முனகுகிற பெட்டியை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

கடைசியாக ஒரு விஷயம், மார்க் கேட்டு வருபவர்களுக்காக. எந்த வால்யூமில் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் சண்டைக்கு வராதீர்கள். 20 ஹெர்ட்ஸ் ஒலி கிட்டத்தட்ட 78 டெசிபெல்லைத் தாண்டினால்தான் காதுக்கே எட்டும். குழந்தை தூங்குகிறது என்று வால்யூமைக் குறைத்தால் வசனம் கொஞ்சம் குறையும், அடி ஆழம் மொத்தமாகவே மறைந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குப் பெரிய சத்தத்தை அடக்கும் நைட் மோட் போட்டுப் பார்த்துவிட்டு ‘பேஸே இல்லை’ என்று எழுதுவது பாவம். ஓடிடியில் பார்த்தவரும் டிஸ்க்கில் பார்த்தவரும் அடித்துக்கொள்ளும்போது, முதலில் இருவரும் ஒரே சத்த அளவில்தான் கேட்டார்களா என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பரண்மேல் இருந்த தட்டுகளுக்கு இடையில் பழைய வேட்டியைக் கிழித்துச் சொருகிவிட்டேன். கீழ் வீட்டு அக்காவையும் போன ஞாயிற்றுக்கிழமை மேலே கூப்பிட்டு, அந்த மழையில் நிற்கும் கார் காட்சியைப் போட்டுக் காட்டினேன். கோப்பைத் தண்ணீரில் முதல் வட்டம் வந்ததுமே, டைனோசர் வருவதற்கு முன்னால், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும், “இதுக்கு வேணா வச்சுக்க தம்பி, அந்த மோட்டார் படத்தை மட்டும் போடாத” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எது மோட்டார் படம் என்று அவர் பெயர் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏழெட்டு தேறும் போலிருக்கிறது.